பசியை ‘வைத்திருக்கும்’ மொழிகள்: தெனெர் வினையில் நாம் செய்யும் தவறுகள்

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே “எனக்குப் பசிக்கிறது” என்று சொல்லிப் பார்க்க எல்லாருக்கும் ஆசை வரும். உடனே மனசு ஆங்கிலத்துக்கு ஓடும்: ‘ஐ ஆம் ஹங்க்ரி’, ‘ஐ ஆம்’ என்றால் ‘எஸ்தோய்’, பசி என்றால் ‘ஆம்ப்ரே’, ஆக ‘எஸ்தோய் ஆம்ப்ரே’. தவறு. நானே பசி என்று சொல்வது போல ஆகிவிடும். சரியானது ‘தெங்கோ ஆம்ப்ரே’, அதாவது பசியை வைத்திருக்கிறேன். தாகம், தூக்கம், பயம், வயது எல்லாமே ஸ்பானிஷில் ஒருவர் வைத்திருக்கும் பொருள்கள்தான், எல்லாவற்றுக்கும் இந்த ‘தெனெர்’ வினைதான், ‘தெங்கோ’ அதன் ‘நான்’ வடிவம்.

இங்கே ஆங்கிலத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள் என்பேன். தமிழில் ‘ஹேவ்’ போன்ற வினையே கிடையாது, “எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்” என்றுதான் சொல்கிறோம். ஸ்பானிஷுக்குத் தாயான லத்தீனிலும் ‘மிஹி எஸ்த்’, எனக்கு இருக்கிறது, என்று சொல்லும் வழக்கம் இருந்தது. ருமேனிய மொழியில் இன்றும் பசி வந்தால் ‘மியே ஃபுவாமே’, எனக்குப் பசி, நம் வாக்கியம் அப்படியே! அதைக் கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அதனால் ‘எனக்கு’ என்று தமிழில் தொடங்கும் வாக்கியத்தைப் பார்த்ததும், ஸ்பானிஷில் இதற்குத் தெனெர் வருமா என்று கேட்டுப் பாருங்கள். எல்லா இடத்திலும் வந்துவிடாது, ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதற்கு வேறு வினை. ஆனால் ஆங்கிலத்தைவிட நல்ல வழிகாட்டி.

அடுத்து, “ரொம்பப் பசி”. பலர் ‘தெங்கோ முய் ஆம்ப்ரே’ என்பார்கள். ‘முய்’ பெயரடைக்கு முன்னால் வரும் சொல், ஆம்ப்ரே பெயர்ச்சொல், எனவே ‘முச்சோ’ வகைச் சொல் வேண்டும். அதிலும் ‘முச்சா’, ஏனென்றால் ஆம்ப்ரே பெண்பால். ‘எல் ஆம்ப்ரே’ என்று ஆண்பால் சுட்டு வருகிறதே என்றால், அழுத்தம் பெற்ற ‘ஆ’ ஒலியில் தொடங்குவதால் உச்சரிப்பு வசதிக்காக வந்தது அது, சொல்லின் பால் மாறவில்லை. ஆக, ‘தெங்கோ முச்சா ஆம்ப்ரே’.

புழுக்கமாக இருந்தால் ‘தெங்கோ காலோர்’. ‘எஸ்தோய் காலியெந்தே’ என்று சொல்லிவிடாதீர்கள், அதற்குக் காமப் பொருள் உண்டு. வயது சொல்லும்போது ‘ஆன்யோஸ்’ என்று எழுதுவதில் ‘ன்ய’ ஒலிக்கான எழுத்தின் தலையில் நெளிகோடு கட்டாயம், விட்டால் ஆண்டுகள் எல்லாம் ஆசனவாய்களாகிவிடும். “போக வேண்டும்” என்பதற்கு ‘தெங்கோ கே இர்’, நடுவில் உள்ள ‘கே’ விட்டுப்போகக்கூடாது. ஆனால் இதே அமைப்பைக் கத்தலான் மொழிக்குக் கொண்டுபோனால் அங்கே இலக்கணப் பிழை என்பார்கள்.

தெனெர் இறந்தகாலத்தில் ‘துபே’ ஆகும் என்று தெரிந்தவர்கூட ‘மந்தெனெர்’ வந்ததும் ‘மந்தெனி’ என்று சறுக்குவார். மந்தெனெர், ஒப்தெனெர், தெதெனெர் எல்லாம் தெனெரின் கிளைகள்தான், தாய் எப்படி மாறுகிறதோ அப்படியே மாறும்: மந்துபே, ஒப்துபே, தெதுபே.

சரி, பிரெஞ்சுக்கு வருவோம். லத்தீன் ‘தெனேரே’ என்றால் பிடித்திரு. ஸ்பானிஷில் அது ‘உடைமை’ப் பொருளுக்கு நகர்ந்து, அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த ‘ஹபேரே’யின் வாரிசை பெரும்பாலும் துணைவினையாக ஒதுக்கிவிட்டது. பிரெஞ்சில் அந்த நகர்வு நடக்கவில்லை, ‘தெனிர்’ இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. கையில் காபிக் கோப்பையை நீட்டிக்கொண்டு ஒருவர் ‘தியேன்’ என்றால் “இந்தா, பிடி” என்று அர்த்தம். பசிக்குத் தெனிர் போடக்கூடாது, ‘ஜே ஃபேன்’ என்பதில் இருப்பது ஹபேரேயின் வாரிசு. இன்னொரு தவறு, ‘வெனிர்’ (வருதல்) போலவே உருமாறுவதால் தெனிருக்கும் அதே துணைவினையைப் போடுவது. ‘ஜே தெனு’ என்றால் பிடித்தேன், ‘ழ சுயி தெனு’ என்று சொன்னால் ‘நான் கட்டுப்பட்டவன்’ என்ற திசைக்குப் போய்விடும்.

போர்த்துகீசியத்தில் ‘தேர்’ உடைமையையும் சொல்லும், துணைவினையாகவும் வரும். இங்கேதான் ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் ஏமாறுகிறார்கள். “சாப்பிட்டுவிட்டேன்” என்று நினைத்து ‘தென்யு கொமிது’ என்றால், கொஞ்ச நாளாகத் திரும்பத் திரும்பச் சாப்பிட்டுவருகிறேன் என்று பொருள். ஒரு தடவை சாப்பிட்டதற்கு ‘ஜா கொமி’ போதும்.

இத்தாலியப் பாடப்புத்தகம் ‘ஓ ஃபாமே’ என்று ஹபேரே வழியில்தான் சொல்லித்தரும், ‘தெனேரே’ அங்கே பிடித்திருத்தல். ஆனால் நேப்பிள்ஸ் பக்கம் போய் யாராவது ‘தெங்கோ ஃபாமே’ என்று சொல்லக் கேட்டால் திருத்தப் போகாதீர்கள், தென் இத்தாலியில் வீட்டில் பேசும் பேச்சு அப்படித்தான்.