மெயின்ஃபிரேம் ஜாப்பிலிருந்து மேசைக் கணினியில் கட்டளையை இயக்குவது எப்படி?

மெயின்ஃபிரேம் என்னும் பெருங்கணினியின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் ஓடும் ஒரு பேட்ச் ஜாப் (யாரும் உடனிருந்து இயக்காமல் தானே ஓடும் பணி), விண்டோஸ் கணினியில் ஒரு கட்டளையை இயக்க வேண்டுமெனில், கடவுச்சொல்லைக்கூட மறையாக்கம் செய்யாமல் அனுப்பும் பழைய ரெக்செக் என்னும் தொலைக்கட்டளை முறையை விடுத்து, மறையாக்கத்தோடு இணைக்கும் எஸ்எஸ்எச் வழியைத் தேர்வதே நல்லது.

முதலில் விண்டோஸில், எஸ்எஸ்எச் இணைப்புகளை ஏற்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் சர்வரை நிறுவி, 22ஆம் போர்ட்டை மெயின்ஃபிரேமின் முகவரிக்கு மட்டும் ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள். ஜாப் எந்தப் பயனர் அடையாளத்தில் ஓடுகிறதோ, அதே அடையாளத்தில் மெயின்ஃபிரேமின் யூனிக்ஸ் ஷெல்லுக்குள் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சூழல்) நுழைந்து, கடவுச்சொல்லுக்குப் பதிலாக அடையாளம் காட்டும் சாவி இணையை உருவாக்கி, பொதுச் சாவியை விண்டோஸ் கணினியில் சேர்த்தபின், ஒருமுறை கையாலேயே இணைந்து பாருங்கள். ஏனெனில், முதல்முறை இணையும்போது புதிய கணினியை நம்பலாமா என்று எஸ்எஸ்எச் கேட்கும் கேள்விக்கு ஜாப்பால் பதில் சொல்ல இயலாது.

ஜாப்பை விவரிக்கும் ஜேசிஎல் மொழியில், யூனிக்ஸ் கட்டளைகளை ஜாப்பிலிருந்து இயக்கும் பிபிஎக்ஸ்பேட்ச் நிரலை அழைத்து, எஸ்எஸ்எச் கட்டளையை அதற்கு அளவுருவாகக் கொடுங்கள். கட்டளையின் முடிவுக் குறியீட்டை அது 256ஆல் பெருக்கித் தருவதால், 1 என்பது 256 எனத் தெரியும். அந்தக் குறியீட்டைச் சோதிக்கும் ஜேசிஎல் நிபந்தனைகளை அதற்கேற்பவே எழுத வேண்டும்.

பலர் தடுமாறுவது இதற்குப் பிறகுதான்: எஸ்எஸ்எச் வழியே தொடங்கிய நிரலின் சாளரம் பயனரின் திரையில் தோன்றாது. அது தோன்றியே ஆக வேண்டுமெனில், பயனர் உள்நுழைந்திருக்கும்போது மட்டும் ஓடும்படி விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு பணியை முன்கூட்டியே அமைத்து, மெயின்ஃபிரேமிலிருந்து அந்தப் பணியைத் தூண்டுங்கள்.