உயிருள்ள கருவிகளின் கோளில் சிக்கிய குட்டிகள்: முதல் அறிவியல் கதைக்கு ஓர் உலகம் கட்டுவது எப்படி?

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு தொடர்கதை எழுதினேன். பெற்றோர் பக்கத்தில் இல்லாத நான்கு குட்டிகள் வேறொரு கோளில் மாட்டிக்கொள்கின்றன. அங்கே வீடு, விளக்கு, பாலம், வண்டி எல்லாமே உயிரோடு இருக்கின்றன. கதை முடிந்த பிறகு, இந்த உலகத்தை எப்படி யோசித்தீர்கள் என்று பலர் கேட்டார்கள். அதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். கதை எழுதத் தெரியும், அறிவியல் கதை மட்டும் எழுதியதில்லை என்பவர்களுக்கு இது பயன்படும்.

தேவையானவை: கோடு போடாத ஒரு நோட்டு, ஒரு பென்சில், நல்ல அழிப்பான். உலகம் கட்டுவதற்கென்றே மென்பொருள்கள் கிடைக்கின்றன. எனக்கு அவை ஒத்துவராது. அரசு, நாணயம், மதம், போர் வரலாறு என்று எடுத்தவுடன் நூறு கட்டங்களைக் காட்டி நிரப்பச் சொல்லும். பசியோடு நிற்கும் குட்டிக்கு அந்தக் கோளின் நாணயம் எதற்கு? நோட்டு போதும்.

படி 1: முதலில் குட்டிகள், அப்புறம்தான் கோள்

பெரும்பாலானவர்கள் வரைபடத்தில் தொடங்குகிறார்கள். குட்டியால் எது முடியும், எது முடியாது என்று தெரியாமல் வரைந்த வரைபடத்தில் ஆபத்து எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

புறாக்குஞ்சு கண் திறக்காமல் பிறக்கும். பெற்றோர் ஊட்டினால்தான் உண்டு. ஆஸ்திரேலியாவின் புதர்வான்கோழிக் குஞ்சு இதற்கு நேர் எதிர். இலைதழை மேட்டுக்குள் பொரிந்து, தானே தோண்டி வெளியே வந்து, அப்பா அம்மா யாரென்று தெரியாமலே ஓடத் தொடங்கிவிடும். உங்கள் குட்டிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கின்றன என்று முடிவு செய்யுங்கள். புறா மாதிரி என்றால் முதல் அத்தியாயத்திலேயே யாராவது காப்பாற்ற வந்தாக வேண்டும். வான்கோழி மாதிரி என்றால் கவலையே இருக்காது. நான் நடுவில் வைத்தேன்: நடக்கும், பேசும், ஆனால் தனியாகத் தூங்கத் தெரியாது.

அடுத்து, ஒரு பிறவிப் பழக்கம் கொடுங்கள். சொந்த ஊரில் காப்பாற்றும் பழக்கமே இந்தக் கோளில் ஆபத்தில் தள்ள வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் சென்னைக் கடற்கரையில் இருக்கிறது. பங்குனி ஆமைக் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி நகரும். விளக்கு இல்லாத கடற்கரையில் அந்த வெளிச்சம் கடல்பக்கம்தான் இருக்கும். நகரத்தில் தெருவிளக்கு அதைவிடப் பிரகாசம் என்பதால் குஞ்சுகள் சாலைப்பக்கம் போய்விடுகின்றன. ராத்திரியெல்லாம் மணலில் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாத்து, பொரிந்த குஞ்சுகளைக் கடலில் விடும் தன்னார்வலர்கள் பல வருடங்களாக அங்கே வேலை செய்கிறார்கள்.

என் குட்டிகளுக்குக் கொடுத்த பழக்கம்: பயந்தால் வெதுவெதுப்பான இடத்தைத் தேடி ஒண்டிக்கொள்ளும். அந்தக் கோளில் மிகவும் வெதுவெதுப்பான இடம், இரை செரித்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டின் வயிறு. பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிட்டது.

படி 2: கோள்

ஒரே ஒரு வித்தியாசம் போதும். செவ்வாயில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் 38 சதவீதம்தான். அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஓடுவது, விழுவது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் மாறிவிடும். நான் நீண்ட இரவை எடுத்துக்கொண்டேன். காற்று சுவாசிக்கலாம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். இதற்கு ஒரு மாலைக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

படி 3: உயிருள்ள கருவிக்குப் பசிக்கும்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இது இருக்கட்டும். இரும்புக் கதவுக்குத் தோலும் நரம்பும் வரைந்துவிட்டால் அது உயிருள்ள தொழில்நுட்பம் ஆகிவிடாது. அது என்ன சாப்பிடுகிறது, எதற்குப் பயப்படுகிறது, எப்போது தூங்குகிறது, எப்படிக் குட்டி போடுகிறது, எப்போது சாகிறது என்று நீங்கள் பதில் வைத்திருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் அது பொத்தான் வைத்த எந்திரம்தான்.

இதை யோசிக்க வேறு கோளுக்குப் போக வேண்டாம். மேகாலயாவில் காசி, ஜைந்தியா மக்கள் ரப்பர் ஆலமரத்தின் வேர்களை ஓடைக்குக் குறுக்கே இழுத்துப் பாலமாக வளர்க்கிறார்கள். நடக்கும் அளவுக்கு வலுப்பெறப் பத்துப் பதினைந்து வருடங்களுக்கு மேல் ஆகும்; அப்புறம் தலைமுறை தலைமுறையாக நிற்கும். சாதாரணப் பாலம் வயதாக ஆகத் தேயும், இது பலப்படும். கட்டத் தொடங்குபவர் தன் பிள்ளைகளுக்காகக் கட்டுகிறார். இப்படிப்பட்ட பாலம் உள்ள கோளில் அவசரத்துக்கு எதுவும் கட்ட முடியாது. குட்டிகளை ஒரு ஓடை தடுத்தால், எப்போதோ யாரோ வளர்த்து வைத்த பாலத்தைத் தேடித்தான் போயாக வேண்டும். கதைக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

நெதர்லாந்தின் டெல்ஃப்டில் உருவான ஒரு வகைக் கான்கிரீட்டுக்குள் பாக்டீரியா வித்துகளும் அவற்றுக்கான உணவும் கலந்திருக்கும். விரிசல் விட்டுத் தண்ணீர் உள்ளே போனதும் அவை விழித்துச் சுண்ணாம்புக்கல்லை உண்டாக்கி விரிசலை அடைக்கும். 2020இல் அமெரிக்க ஆய்வாளர்கள் தவளைக் கருவின் செல்களிலிருந்து ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய, ஸீனோபாட் எனப்படும் உயிருள்ள எந்திரங்களைச் செய்தார்கள். அவை செல்லுக்குள் இருக்கும் சேமிப்பை வைத்துச் சுமார் ஒரு வாரம் நகரும், அப்புறம் இறந்துவிடும். ஒரு வாரம் மட்டுமே வாழும் வழிகாட்டி ஒன்று உங்கள் குட்டிகளுக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டிலேயே ஒன்று இருக்கிறது, தயிர் உறை. தினமும் பால் ஊற்றிக் காப்பாற்றினால் அது உங்களைக் காப்பாற்றும்.

*பின்சேர்க்கை:* இந்தக் கருவிகள் பேச வேண்டுமா, மூளை வேண்டுமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். வேண்டியதில்லை. 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டோக்கியோவைச் சுற்றியுள்ள ஊர்கள் இருக்கும் இடங்களில் ஓட்ஸ் வைத்து, நடுவில் சளிப்பூஞ்சை எனப்படும் உயிரை விட்டார்கள். ஒரு நாள் அளவிலேயே அது பரவி, ஊர்களை இணைத்து, அங்குள்ள ரயில் பாதையோடு ஒப்பிடத்தக்க வலையை அமைத்துவிட்டது. அதற்கு மூளை கிடையாது. அதன் பசிதான் பாதை போட்டது. பேசும் கருவி வைத்தால் அது குட்டிகளுக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடும், அவை தாமாகக் கண்டுபிடிக்க ஒன்றுமே மிஞ்சாது.

படி 4: குட்டிகள் என்ன சாப்பிடும்?

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

பழம் பறித்துச் சாப்பிட்டன என்று எழுதுவது சுலபம். ஆனால் வேற்றுக்கோள் பழம் நம் உடலில் சேருமா? வலக்கைக் கையுறை இடக்கைக்குப் பொருந்தாது அல்லவா? மூலக்கூறுகளிலும் இப்படி வல, இட வடிவங்கள் உண்டு. பூமியில் உயிர்களின் புரதங்கள் இடவடிவ அமினோ அமிலங்களால் ஆனவை, சர்க்கரைகள் வலவடிவம். வேறு கோளில் இது தலைகீழாக இருக்கலாம். இடவடிவக் குளுக்கோஸ் ஆய்வகத்தில் செய்யக்கூடியதுதான். நாக்குக்கு இனிக்கும், ஆனால் உடல் அதிலிருந்து சக்தி எடுக்காது.

அந்தக் கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். குட்டிகள் இனிப்பான பழங்களை வயிறு முட்டச் சாப்பிடுகின்றன, நாளுக்கு நாள் மெலிகின்றன. ஏனென்று அவற்றுக்குப் புரியவில்லை. எந்த அரக்கனையும்விட இது பயங்கரமானது. விஞ்ஞானம் மாறாமல் வருவதால் பிள்ளைகள் கண்ணை அகல விரித்துக் கேட்கிறார்கள்.

சரி, எப்படிப் பிழைக்க வைப்பது? விடை குட்டிகளிடமே இருக்கிறது. கோவாலாக் குட்டி யூகலிப்டஸ் இலைக்கு மாறும் முன், தாயின் குடலிலிருந்து வரும் ஒரு மென்மையான கூழைத் தின்னும். இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் வருகின்றன. யானைக்கன்று பெரிய யானைகளின் சாணத்தைத் தின்பதும் இதே காரணத்துக்குத்தான். உங்கள் குட்டிகளும் அந்தக் கோளின் ஏதாவது ஓர் உயிரிடமிருந்து நுண்ணுயிரைப் பெற வேண்டும். அமினோ அமிலத்தை ஒரு வடிவத்திலிருந்து மற்றதற்கு மாற்றும் நொதி நம் பூமியின் பாக்டீரியாக்களில் உண்மையாகவே இருக்கிறது. சர்க்கரைக்கும் அப்படி ஒன்று அங்கே இருப்பதாகக் கதையில் வைத்துக்கொள்ளலாம்.

என் கதையில் அதைக் கொடுப்பது வீடு. செரித்துக்கொண்டிருக்கும் வயிற்றில் ஒண்டிய கடைக்குட்டி, பசியில் அதன் சுவரை நக்குகிறது. மற்ற மூன்றும் மெலிய, அது மட்டும் தேறுகிறது. முதல் படியில் ஆபத்தாக வைத்த பழக்கம் நான்காம் படியில் வழியாக மாறுவதைக் கவனியுங்கள்.

படி 5: கருவிகள் யாருக்காக இருக்கின்றன?

அந்தக் கருவிகள் குட்டிகளுக்காகக் காத்திருக்கவில்லை. அவற்றுக்கென்று வாழ்க்கை உண்டு. குட்டிகளையே அவை கருவியாகப் பயன்படுத்த நினைக்கலாம்.

மாந்தோப்பில் முசுறு எறும்பு கூடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இலைகளை ஒட்டும் பட்டு நூல் பெரிய எறும்பிடம் கிடையாது, புழுப்பருவக் குஞ்சுகளிடம்தான் உண்டு. அதனால் வேலைக்கார எறும்புகள் குஞ்சை வாயில் கவ்விக்கொண்டு, இலை ஓரங்களில் தொட்டுத் தொட்டுத் தைக்கும். குழந்தைதான் அங்கே தையல் ஊசி. உங்கள் குட்டிகளிடம் அந்தக் கோளுக்கு எது தேவை? உடல் சூடா, குரலா, வெறும் எடையா? இதற்குப் பதில் எழுதாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். கதையின் மோதல் இங்கிருந்துதான் வரும்.

படி 6: வரைபடம்

இப்போது வரையலாம். மலை, ஆறு வேண்டாம். எது எதைத் தின்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். நான் வரைந்ததில் வீட்டிலிருந்து அம்பு வெளியே போகவே இல்லை. கதை கேட்ட ஒரு சிறுமி, வீடு எங்கே ஆய் போகும் என்று கேட்டபோதுதான் அந்த அம்பு விட்டுப்போனது தெரிந்தது. அருமையான கேள்வி. வீடு கழிக்கும் இடத்தில் விளக்குச்செடிகள் முளைப்பதாக வைத்தேன். அதனால் இருட்டில் வெளிச்சம் தெரிந்தால் பக்கத்தில் வீடு இருக்கிறது என்று குட்டிகள் கற்றுக்கொண்டன.

படி 7: முதல் அத்தியாயம்

விண்கலம் விழுந்த காட்சியில் தொடங்காதீர்கள். குட்டி ஒரு கருவியைத் தொட, அது பதிலுக்குக் குட்டியைத் தொடும் காட்சியில் தொடங்குங்கள். கோளின் வரலாற்றை முதல் மூன்று அத்தியாயங்களுக்கு யாரும் சொல்லக்கூடாது. எழுதியதைக் கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். கேட்கும்போது எந்த இடத்தில் கவனம் சிதறுகிறதோ அங்கே விளக்கம் கூடிவிட்டது.

*இன்னொரு பின்சேர்க்கை:* குட்டிகள் ஊர் திரும்பினால், உடல் மாறிப்போய்ப் பழைய சாப்பாடு சேராமல் பட்டினி கிடக்குமே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். கிடக்காது. நான்காம் படியில் சொன்ன நொதி இரு திசையிலும் வேலை செய்யும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: அந்த நுண்ணுயிர் ஊரில் பரவலாம். 1969இல் நிலவிலிருந்து வந்த அப்பல்லோ 11 வீரர்களையே, நிலவைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து 21 நாட்கள் தனிமையில் வைத்தார்கள். திரும்பிப் போகும் அத்தியாயம் எழுதுவதானால், அம்மாவுக்கும் குட்டிகளுக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவரையும், எத்தனை நாள் என்ற கணக்கையும் முன்கூட்டியே நோட்டில் குறித்து வையுங்கள்.