கோலாலம்பூர் வெக்கையில் செயலியையும் ரேமையும் ஓவர்கிளாக் செய்வது எப்படி

ஓவர்கிளாக் என்றால் செயலியையும் ரேமையும் தொழிற்சாலை வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. யூடியூபில் காட்டும் ஓவர்கிளாக் எண்களை நம் ஊரில் அப்படியே போடக்கூடாது. குளிர்நாட்டில் 21, 22 டிகிரி அறையில் எடுத்த எண்கள் அவை. கோலாலம்பூர் செந்தூலிலோ பினாங்கு பாயான் லெப்பாஸிலோ பிற்பகல் மூன்று மணிக்கு ஏர்கோன் போடாத அறையில் 32 டிகிரி சர்வசாதாரணம். அறை 10 டிகிரி கூடினால் செயலியும் ஏறக்குறைய 10 டிகிரி கூடும். அங்கே 85 டிகிரியில் நின்ற ரைசன் 7000 செயலி இங்கே 95-ஐத் தொடும். அந்த 95 டிகிரிதான் அதன் உச்ச வரம்பு, அங்கே அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே விதியை வைத்து நடக்கிறது: கணினியை எந்த அறையில், எந்த நேரத்தில் உண்மையில் பயன்படுத்துவீர்களோ, அதிலேயே மிகச் சூடான நேரத்தில் சோதியுங்கள். இரவு ஏர்கோனில் தேறியது பகலில் தேறியதாக ஆகாது.

சூடு ஏன் இப்படி எகிறுகிறது என்று தெரிந்துகொண்டால் பேராசை தானாக அடங்கும். செயலி இழுக்கும் மின்சக்தி வேகத்தோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது. 4 சதவீத வேகத்துக்காக 1.20 வோல்ட்டை 1.30 ஆக்கினால் மின்சக்தி ஏறத்தாழ 22 சதவீதம் கூடிவிடும். வேகத்தைக் கூட்டுவதைவிட, அதே வேகத்தை இன்னும் குறைந்த வோல்டேஜில் ஓடவைப்பதுதான் நம் தட்பவெப்பத்தில் லாபம். சூடு குறைந்தால் இன்றைய செயலிகள் தாமாகவே கூடுதல் வேகத்துக்குப் போகும்.

தொடங்கும் முன்

உங்கள் செயலி இதற்கு இடம் கொடுக்குமா என்று முதலில் பாருங்கள். இன்டெலில் பெயரின் முடிவில் கே அல்லது கேஎஃப் இருக்கவேண்டும், மதர்போர்டு இசட் வரிசையாக இருக்கவேண்டும். பி660, பி760 போர்டுகளில் ரேமை மட்டும் ஓவர்கிளாக் செய்யலாம். எச்610-இல் அதுவும் கிடையாது. ஏஎம்டியில் பெரும்பாலான ரைசன்கள் திறந்தே வருகின்றன, பி, எக்ஸ் வரிசை போர்டுகள் போதும். ஏ520, ஏ620 போர்டுகளில் செயலியை ஓவர்கிளாக் செய்ய முடியாது. 5800எக்ஸ்3டி பூட்டியே வரும், 7800எக்ஸ்3டியில் வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசர் மட்டும் வேலை செய்யும், 9800எக்ஸ்3டி முழுக்கத் திறந்தது.

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலி வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தொடுமுன் பயாஸை, அதாவது மதர்போர்டின் அடிப்படை மென்பொருளை, புதுப்பியுங்கள். இவற்றில் அளவுக்கு மீறிய வோல்டேஜ் செயலியை மெல்லச் சீரழித்ததால், 2024 ஆகஸ்டில் பயாஸ் வழியாக வந்த மைக்ரோகோடு (செயலியின் உள் கட்டளைத் திருத்தம்) செயலி கேட்கும் வோல்டேஜ் 1.55-ஐத் தாண்டாதபடி தடுத்தது. அதன் பிறகும் திருத்தங்கள் வந்தன. பாதிப்பு ஏற்கனவே நடந்திருந்தால் புதுப்பிப்பு அதைச் சரிசெய்யாது. ஓவர்கிளாக் செய்யாமலேயே விளையாட்டுகள் பாதியில் நின்று விழுந்துகொண்டிருந்தால் வாரண்டிக்குப் போங்கள். இந்தச் செயலிகளுக்கு இன்டெல் வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியிருக்கிறது.

பயாஸ் புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் போர்டு எழாமல் போகலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிமழை நேரத்தில் அந்த வேலை வேண்டாம். காலையில் செய்யுங்கள், யூபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது. கோப்புகளை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு அந்த டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இந்த ஒன்றைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ரேம் பிழை ஒவ்வொரு முறையும் நீலத்திரையாக வருவதில்லை. சத்தமில்லாமல் படங்களையும் விண்டோஸ் கோப்புகளையும் கெடுத்துவிட்டுப் போகும்.

பிறகு எதையும் மாற்றாமல் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளை 10 நிமிடம் ஓடவிட்டு, அதன் மதிப்பெண்ணையும், எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் தெரியும் வெப்பநிலை, வாட், வோல்டேஜ் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அறை வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஒன்றும் செய்யாத நிலையிலேயே 90-ஐத் தாண்டினால், லோ யாட் பிளாசா கணினிக் கடைகளுக்குப் போய்க் கூலரையும் தெர்மல் பேஸ்ட்டையும் பார்ப்பதுதான் முதல் வேலை. கூலர் வாங்கும்போது உங்கள் சாக்கெட்டுக்கான பிராக்கெட் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பாருங்கள். பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு. பெரிய செயலிக்குக் குறுக்காக எக்ஸ் வடிவில் இரண்டு கோடு. திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் பாதிப் பாதியாக முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கூலர் சாய்ந்து உட்காரும், ஓரிரு கோர் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாகும்.

ரேம் முதலில், செயலி பிறகு

இரண்டையும் ஒன்றாக மாற்றினால் கணினி விழும்போது எதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. செயலியை இயல்பு நிலையில் விட்டுவிட்டு ரேமில் தொடங்குங்கள்.

இரண்டு ரேம் குச்சிகளைச் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது துளைகளில் செருகுங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ரேம் பெட்டியில் எழுதிய வேகத்தைத் தானாகப் போடும் அமைப்பு) இயக்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்த ஒரு சுவிட்ச்சே கிடைக்கக்கூடிய பலனில் பெரும்பங்கு. டிடிஆர்5 போர்டில் சேமித்துவிட்டு எழுப்பினால் திரை சில நிமிடம் கருப்பாகவே இருக்கும், போர்டில் ரேமுக்கான டிராம் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். போர்டு ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்து பவர் பொத்தானை அழுத்தாதீர்கள். பத்து நிமிடம் கழித்தும் எழாவிட்டால்தான் சிக்கல். நான்கு குச்சி போட்டிருந்தால் பெட்டியில் எழுதிய வேகத்தை எதிர்பார்க்கவேண்டாம்.

ரைசன் 7000, 9000 செயலிகள் உட்காரும் ஏஎம்5 போர்டில் டிடிஆர்5-6000 நல்ல இலக்கு. அந்த வேகத்தில் ரேமும் அதன் கட்டுப்படுத்தியும் ஒன்றுக்கு ஒன்றாக ஓடும். அதற்கு மேலே போனால் போர்டு ஒன்றுக்கு இரண்டாக மாற்றிவிடக்கூடும். எண் பெரிதாகத் தெரியும், தாமதமும் கூடும். முந்தைய ஏஎம்4 போர்டில் இதே இடம் டிடிஆர்4-3600, செயலியின் உள் இணைப்பான இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 1800 மெகாஹெர்ட்ஸ். எக்ஸ்போவை இயக்கியதும் எஸ்ஓசி வோல்டேஜை, அதாவது செயலிக்குள் ரேம் கட்டுப்படுத்தி இருக்கும் பகுதிக்குப் போகும் வோல்டேஜை, கட்டாயம் பாருங்கள். 2023-இல் சில ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் எரிந்துபோன பிறகு ஏஎம்டி இதற்கு 1.3 வோல்ட் என்று எல்லை போட்டது. 6000-க்கு 1.20 முதல் 1.25 வரை பொதுவாகப் போதும். ரேமின் சொந்த வோல்டேஜ் 1.35 முதல் 1.40, காற்றோட்டம் சரியில்லாத பெட்டியில் அதற்கு மேல் போகாதீர்கள்.

டைமிங்கை (ரேம் ஒவ்வொரு வேலைக்கும் காத்திருக்கும் துடிப்பு எண்களை) கையால் இறுக்குபவர்கள் டிரெஃபியில் கவனமாக இருக்கவேண்டும். ரேம் தன் மின்னேற்றத்தை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது என்பதே அது. எண்ணைக் கூட்டினால் வேகம் கிடைக்கும். ஆனால் சூடு ஏற ஏற மின்னேற்றம் சீக்கிரம் கசியும், பிட் கெடும். வெளிநாட்டவர் தயங்காமல் 65535 போடுவார்கள். இங்கே அதில் பாதியில் தொடங்குங்கள். டிடிஆர்5 குச்சியின் வெப்பநிலை எச்டபிள்யூஇன்ஃபோவில் தெரியும், அதை 50 முதல் 55 டிகிரிக்குள் வைத்திருங்கள்.

சோதனைக்கு முதலில் யூஎஸ்பியிலிருந்து மெம்டெஸ்ட்86, நான்கு சுற்று. தேறினால் விண்டோஸில் டெஸ்ட்மெம்5. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், “ஒன்றுதானே” என்று விடக்கூடாது. இத்தனையும் தேறிய ரேம், விளையாட்டு தொடங்கி அரைமணியில் விழுவதுண்டு. காரணம் கிராஃபிக்ஸ் கார்டு. ரேம் சோதனையில் அது சும்மா இருக்கிறது, விளையாட்டில் நூற்றுக்கணக்கான வாட் சூட்டை ரேம் பக்கம் ஊதுகிறது. ஆகவே கடைசிச் சோதனையைக் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்துச் சுமை கொடுத்து ஓட்டுங்கள்.

செயலி

இப்போது ரேமை இயல்புக்குத் திருப்பிவிட்டுச் செயலிக்கு வாருங்கள்.

ரைசனில் எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் பூட்டும் பழைய முறை வேண்டாம், ஒற்றைக் கோர் வேகம் போய்விடும். பயாஸில் பிபிஓவை (ரைசன் தானே வேகம் கூட்டும் அமைப்பு) அட்வான்ஸ்டு நிலைக்கு மாற்றி, வெப்ப எல்லையை 85 ஆக்கி, கர்வ் ஆப்டிமைசரில் எல்லாக் கோருக்கும் நெகட்டிவ் 10 கொடுங்கள். ஒவ்வொரு எண்ணும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். தேறினால் 15, பிறகு 20. இங்கேதான் பலர் ஏமாறுவார்கள்: சினிபெஞ்ச் அழகாக ஓடும், கணினி ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது திடீரென்று மறுதொடக்கம் ஆகும். குறைந்த சுமையில்தான் ஒரு கோர் மட்டும் உச்ச வேகத்துக்குத் தாவுகிறது, வோல்டேஜ் போதாமல் போவதும் அப்போதுதான். இதைப் பிடிக்க கோர்சைக்ளர் என்ற கருவி இருக்கிறது. ஒவ்வொரு கோராகச் சுமை கொடுக்கும். இரவு முழுக்க ஓடட்டும். தவறிய கோருக்கு மட்டும் 5 எண் திருப்பிக் கொடுங்கள். பெரும்பாலும் தவறுவது சிறந்த கோர்தான், ஏனென்றால் தொழிற்சாலையிலேயே அதற்குக் குறைந்த வோல்டேஜ் கொடுத்திருப்பார்கள்.

இன்டெலில் முதலில் மின் வரம்பைப் பாருங்கள். பல போர்டுகள் அதை 4095 வாட் என்று வரம்பே இல்லாமல் விட்டிருக்கும். ஐ9-13900கே, 14900கே இரண்டுக்கும் 253 வாட் போடுங்கள். 13, 14-ஆம் தலைமுறையில் அதற்கு மேல் முயலாமல் இருப்பதே நல்லது. 12-ஆம் தலைமுறை கே செயலியில் வேகத்துக்கேற்ப மாறும் அடாப்டிவ் வோல்டேஜைத் தேர்ந்து, பெரிய கோர்களின் பெருக்கத்தை ஒவ்வொரு எண்ணாக, அதாவது 100 மெகாஹெர்ட்ஸாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 10 நிமிட சினிபெஞ்ச். விழுந்தால் 0.01 வோல்ட் கூட்டிப் பாருங்கள். ஒரு 100 மெகாஹெர்ட்ஸுக்கு 0.05 வோல்ட் கேட்கிறதென்றால் அந்தச் செயலி முடிந்த இடம் அது, ஒரு படி இறங்கி நில்லுங்கள். சுமையில் வோல்டேஜ் சரியாமல் ஈடுகட்டும் லோட்லைன் காலிப்ரேஷனை நடு நிலையில் விடுங்கள். உச்சத்தில் வைத்தால் சுமை சட்டென்று விலகும்போது வோல்டேஜ் மேலே குதிக்கும், அந்தக் குதிப்பைச் சாதாரணமாகத் திரையில் பார்க்கவும் முடியாது.

இறுதிச் சோதனைக்குக் கடும் சுமை கொடுக்கும் ஓசிசிடி அல்லது பிரைம்95 மென்பொருள் ஒரு மணி நேரம், பிற்பகலில், ஏர்கோன் இல்லாமல். 90 டிகிரிக்குள் நின்றால் போதும். விளையாட்டில் 80-க்குள் இருக்கவேண்டும். மதிப்பெண்ணையும் பழையதோடு ஒப்பிடுங்கள். திரை 5.4 ஜிகாஹெர்ட்ஸ் என்று காட்டியும் மதிப்பெண் குறைந்திருந்தால், வோல்டேஜ் போதாமல் செயலி உள்ளுக்குள் துடிப்புகளை நீட்டிச் சமாளிக்கிறது. எச்டபிள்யூஇன்ஃபோவின் எஃபெக்டிவ் கிளாக் (உண்மையில் ஓடும் வேகம்) இதைக் காட்டிக்கொடுக்கும். அதே திரையில் ஹியா பிழை (விண்டோஸ் பதிவுசெய்யும் வன்பொருள் பிழை) எண்ணிக்கை பூஜ்யத்தைத் தாண்டக்கூடாது. ரைசனில் நிகழ்வுப் பதிவில் ஹியா 19 வந்தால் பெரும்பாலும் ஃபேப்ரிக் வேகம் கூடிவிட்டது. 18 வந்தால் கோர் வோல்டேஜைப் பாருங்கள். இதன் பிறகு ரேமையும் செயலியையும் சேர்த்து ஓட்டி மறுபடி சோதிக்கவேண்டும். தனித்தனியே தேறியவை சேர்ந்து தவறினால் ரேமை ஒரு படி குறையுங்கள்.

எழவே இல்லையென்றால்

சுவரில் சுவிட்சை அணைத்து, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். மதர்போர்டின் விளிம்பிலோ பேட்டரி அருகிலோ இரண்டு ஊசிகள் தனியாக நிற்கும், பக்கத்தில் சிமாஸை (பயாஸ் அமைப்புகள் சேமித்திருக்கும் இடத்தை) அழிப்பதற்கான குறிப்பு அச்சிட்டிருக்கும். ஸ்குரூடிரைவர் நுனியால் இரண்டையும் பத்து விநாடி தொட்டுப் பிடியுங்கள். ஊசி கிடைக்காவிட்டால் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். அமைப்புகள் எல்லாம் அழிந்து கணினி எழும்.

ஐஸ் தண்ணீர், சில்லர் போன்றவற்றை நம் ஊரில் முயலவேண்டாம். நம் காற்று சுமார் 24 டிகிரியிலேயே வியர்க்கத் தொடங்கும், அதற்குக் கீழே குளிர்ந்த எந்தக் குழாயிலும் தண்ணீர் கட்டிப் போர்டில் சொட்டும். சாதாரண லிக்விட் கூலர் அறை வெப்பநிலைக்குக் கீழே போகாது, அதனால் பயமில்லை.

தேறிய அமைப்பைப் பயாஸில் சேமிப்பதோடு ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பயாஸைப் புதுப்பித்தால் எல்லாம் அழியும். பழைய பதிப்பில் சேமித்ததைப் புதியதில் ஏற்றாமல், படத்தைப் பார்த்துக் கையால் போட்டுவிட்டு ரேம் சோதனையிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.