ஷெல்லில் பிழை என்று எழுதுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் அஸ்தம்பட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளில் லினக்ஸ் கற்க வரும் மாணவர்கள் சிலர், நாம் தட்டும் கட்டளைகளை நிறைவேற்றும் ஷெல் நிரல்களில் ஒன்றான பாஷைப் பராமரிப்பவருக்கு, ‘பாஷில் பிழை’ என்று எழுதி வைத்திருந்த கடிதங்களை அனுப்புமுன் என்னிடம் காட்டினார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகள் அவற்றிலும் இருந்தன. விட்டுப்போன இடைவெளி, மூடாத மேற்கோள்குறி போன்றவற்றை அவர்களே ஒரு வாரத்தில் திருத்திக்கொள்வார்கள் என்பதால் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

எந்த ஷெல் ஓடியது என்று பாராமல் எழுதுவது

லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில், 2006-இல் வெளிவந்த 6.10 முதல், ‘எஸ்ஹெச்’ என்ற பெயரில் இருப்பது பாஷ் அல்ல, டாஷ் என்ற வேறொரு ஷெல். ஸ்கிரிப்டின், அதாவது கட்டளைகளை எழுதி வைத்த கோப்பின், முதல் வரி பாஷைக் குறிப்பிட்டாலும், ‘எஸ்ஹெச்’ என்று சொல்லி ஓட்டினால் அந்த வரி வெறும் குறிப்புரையாகிவிடும். பல மதிப்புகளை ஒன்றாக வைக்கும் அணி வகை மாறிகளை அறியாத டாஷ், அடைப்புக்குறியைக் கண்டதும் நின்றுவிடும். மேக் கணினியோடு வருவதோ பாஷ் 3.2, 4.0-இல் சேர்ந்த வசதிகள் அதில் இல்லை. பாஷோடு வரும் ‘பாஷ்பக்’ கட்டளையைப் பயன்படுத்தினால் பதிப்பு எண்ணும் இயங்குதள விவரமும் கடிதத்தில் தாமே இடம்பெறும்.

முழு ஸ்கிரிப்டையும் அப்படியே அனுப்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். லீ பஜாரில் ஒரு ஜவ்வரிசி வியாபாரிக்காக அன்றாட மூட்டைக் கணக்கைக் கூட்டும் ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதினேன். ஒவ்வொரு வரியாகத் திரும்பத் திரும்பப் படித்துக் கூட்டும் வைல் சுழலுக்குள் மொத்தம் 40, 95, 120 என்று சரியாக ஏறியது. சுழல் முடிந்த அடுத்த வரியிலேயே 0 என்று அச்சானது. மாறியின் மதிப்பை பாஷ் தொலைத்துவிடுகிறது என்று உறுதியாக நம்பி, இருநூறு வரிகளுக்கு மேலிருந்த ஸ்கிரிப்டை முழுதாக அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தேன். அந்த மூன்று நாளும் கிடங்குக் கணக்கர் நோட்டில் கையால் கூட்டியே லாரிகளுக்குச் சீட்டு எழுதினார்.

வந்த பதில், ‘ஐந்து வரிகளில் காட்டுங்கள்’ என்பது மட்டுமே. தேதி பார்க்கும் பகுதியை நீக்கினேன். 0 அப்படியே இருந்தது. அறிக்கை அனுப்பும் பகுதியை நீக்கியபோதும் மாறவில்லை. கடைசியில் எஞ்சியவை, மாறிக்கு 0 கொடுக்கும் வரி, கோப்பைப் படிக்கும் கட்டளை, அதன் வெளியீட்டை அடுத்த கட்டளைக்கு அனுப்பும் ஒரு பைப் குறி, கூட்டும் வைல் சுழல், அச்சிடும் வரி ஆகியவையே. பைப்பால் இணைத்த ஒவ்வொரு கட்டளையையும் பாஷ் தனித்தனித் துணை ஷெல்லில், அதாவது தன் தற்காலிக நகலில், ஓட்டுகிறது. துணை ஷெல் முடியும்போது அதற்குள் கூட்டிய மொத்தமும் அதோடு போய்விடுகிறது. இது கையேட்டிலேயே இருக்கிறது. பைப்பை எடுத்துவிட்டு, சுழலின் இறுதியில் கோப்பை உள்ளீடாகக் கொடுத்ததும் 120 வந்தது. அரை மணி நேரம் வெட்டிப் பார்த்திருந்தால் அந்த மூன்று நாள் மிஞ்சியிருக்கும்.

இதைச் சொன்ன பிறகும் ஒரு மாணவர், பைப்பின் கடைசிக் கட்டளையைத் துணை ஷெல் இல்லாமல் ஓட்ட பாஷ் 4.2-இல் வந்த ‘லாஸ்ட்பைப்’ விருப்பம் வேலை செய்யவில்லை என்று இன்னொரு கடிதத்தோடு வந்தார். ஓடும் வேலைகளை நிறுத்தவும் தொடரவும் உதவும் ஜாப் கன்ட்ரோல் வசதி செயலில் இல்லாதபோதுதான் அந்த விருப்பம் பலிக்கும். அவரோ முனையத்தில் நேரடியாகத் தட்டிப் பார்த்திருந்தார், அங்கே அது வழக்கமாகச் செயலில் இருக்கும். ஆகவே, சுருக்கிய வரிகளை ஒரு கோப்பில் இட்டு ஓட்டிப் பார்த்து, எப்படி ஓட்டினீர்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பிழைச்செய்தியைப் படமாக அனுப்புவது

எழுத்தாக நகலெடுத்து ஒட்டுங்கள்.

பாதுகாப்பு ஓட்டையைப் பொதுவில் சொல்வது

பாஷில் இருந்த ஷெல்ஷாக் என்ற பாதுகாப்பு ஓட்டையைக் கண்ட ஸ்டெஃபான் ஷாசெலா, 2014 செப்டம்பர் 12 அன்று பாஷைப் பராமரிக்கும் செட் ரேமிக்குத் தனியாகத் தெரிவித்தார். உலகம் அறிந்தது 24-ஆம் தேதி, திருத்தத்தோடு சேர்த்துத்தான்.

‘வேலை செய்யவில்லை’ என்று தலைப்பிடுவது

என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்ற இரண்டையும் தலைப்பிலேயே எழுதுங்கள்.