மர எழுத்துகளுக்குத் தண்ணீர் ஆகாது

எழுத்தில் மை தடவித் தாளில் அழுத்தும் அச்சு முறைதான் லெட்டர்பிரஸ். அதன் பழைய மர எழுத்துகள் கைக்கு வந்தால், கழுவலாம் என்று தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் செய்தவை பெரும்பாலும் மேப்பிள் மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் செதுக்கியவை. ஈரத்தை உறிஞ்சினால் உப்பும், கோணும்.

இறுகிய மை மீது சமையல் எண்ணெயைத் தடவிக் கொஞ்ச நேரம் விடுங்கள். மை இளகியதும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். இடுக்குகளுக்குப் பழைய டூத் பிரஷ் போதும். கம்பி பிரஷும் உப்புத்தாளும் எழுத்தின் முகத்தில் படவே கூடாது. அங்கே விழும் சின்னக் கீறலும் அச்சில் அப்படியே தெரியும். வெயிலில் காயவைப்பதும் தவறு, வெடித்துவிடும்.

அமெரிக்க எழுத்தின் உயரம், அதாவது அடியிலிருந்து மை படும் முகம் வரை, 0.918 அங்குலம். தேய்ந்துபோன எழுத்து மங்கலாக விழுந்தால், அடியில் மெல்லிய தாள்களை ஒவ்வொன்றாக ஒட்டிச் சோதனை அச்சு எடுத்துப் பாருங்கள். பல எழுத்துகள் இதிலேயே பிழைத்துக்கொள்ளும்.

தொலைந்த எழுத்துக்கு என்ன வழி? 1834-ல் அமெரிக்காவில் வில்லியம் லெவன்வொர்த், மாதிரி வடிவத்தைப் பின்தொடர்ந்து அதே உருவை வெட்ட உதவும் பென்டோகிராஃப் என்ற கருவியை வைத்து மர எழுத்துகளை வெட்டினார். இன்று அதே வேலைக்கு, கணினி சொல்கிறபடி வெட்டும் சிஎன்சி இயந்திரம் இருக்கிறது. பழைய அச்சுப் பிரதியை ஸ்கேன் செய்து, கணினியில் அதன் ஓரங்களைக் கோடுகளாக மாற்றி (வெக்டர்), இடவலம் மாற்றி வெட்டக் கொடுங்கள். கூர்மையான உள்மூலைகளை மட்டும் சிறு உளியால் கையாலேயே முடிக்க வேண்டும்; சுழலும் முனை அங்கே வட்டமாகத்தான் வெட்டும்.