ஏகாதசி விரதம் இருப்பது எப்படி: உடலிலும் மனத்திலும் நடப்பவை

ஏகாதசியை ஒரு நாள் விரதம் என்று சொன்னாலும், தசமியன்று ஒரே வேளை உணவு, ஏகாதசியன்று பட்டினி, துவாதசி காலையில் விரதத்தை முடித்து உண்ணும் பாரணை என அது மூன்று நாள்களில் பரவிக் கிடக்கிறது. விரத நாளில் வரும் தலைவலி, எரிச்சல், தள்ளாட்டம் ஆகியவற்றைப் பசியின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் காப்பி, உப்பு, தூக்கம் ஆகிய மூன்றிலும் ஏற்படும் குறைவே ஆகும்.

முதலில், யார் இருக்கக்கூடாது என்பதைப் பார்த்துவிடலாம். கருவுற்றவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் குழந்தைகள், வயிற்றுப்புண் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், உணவு பற்றிய மனநோய்க்கு ஆளானவர்கள் ஆகியோர் முழுப் பட்டினியைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களும் உணவின்றி அதே அளவு மருந்தை எடுத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃபுளோசின் வகை மாத்திரைகளில் சிக்கல் வேறு விதமானது: சர்க்கரை அளவு இயல்பாகத் தெரியும்போதே இரத்தம் அமிலத்தன்மை அடையக்கூடும். இவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதமும் தொடங்கக்கூடாது, மருந்தையும் நிறுத்தக்கூடாது.

விரதத்திற்கான ஆயத்தம் காப்பியில் தொடங்குகிறது. நாள்தோறும் காப்பி குடிப்பவருக்குக் கடைசிக் குவளைக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தலைவலி ஆரம்பிக்கும். தசமி மாலையில் கடைசிக் காப்பியைக் குடித்தவருக்கு ஏகாதசி முற்பகலில் நெற்றிப்பொட்டு தெறிப்பது இதனால்தான். அதற்கு நான்கைந்து நாள்களுக்கு முன்பிருந்தே அளவைப் படிப்படியாகக் குறைத்துவந்தால் விரதத்தின் பாதிச் சிரமம் தீர்ந்துவிடும். தசமியன்று உண்ணும் ஒரு வேளையில் சோற்றோடு பருப்பு, கீரை, காய்கறி, மோர் ஆகியவை இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், இனிப்பு ஆகியவை அடுத்த நாள் தாகத்தைத்தான் கூட்டும்.

உண்ட உணவிலிருந்து வரும் சர்க்கரை சில மணி நேரத்தில் தீர்ந்தபின், கல்லீரல் தான் சேமித்து வைத்துள்ள ஏறத்தாழ 100 கிராம் கிளைகோஜனை, அதாவது சர்க்கரையின் சேமிப்பு வடிவத்தை, சிறிது சிறிதாகச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகிறது; ஒரு நாளில் அந்த இருப்பு ஏறக்குறைய காலியாகிவிடும். அதற்குள்ளாகவே உடல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கி, கீட்டோன் என்னும் மாற்று எரிபொருளையும் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்குகிறது. வாயில் வரும் ஒருவித வாடை அதன் அடையாளம். மறுநாள் எடை பார்க்கும் இயந்திரம் ஒரு கிலோ குறைந்ததாகக் காட்டினால் மகிழவேண்டாம். கிளைகோஜனோடு சேர்ந்திருந்த நீரும் உப்பும் வெளியேறியதே அதில் பெரும்பகுதி.

உப்பைப் பற்றி விரதமிருப்பவர்கள் நினைப்பதே இல்லை. இன்சுலின் குறையும்போது சிறுநீரகங்கள் வழக்கத்தைவிட அதிக சோடியத்தை வெளியேற்றுகின்றன; உணவின் வழியாக வரும் நீரும் அன்று இல்லை. சட்டென்று எழும்போது கண் இருட்டுவதும், வைகுண்ட ஏகாதசியன்று திருவரங்கத்தில் பரமபதவாசல் வரிசையில் நெடுநேரம் நிற்பவர்கள் மயங்குவதும் இதன் விளைவாக இருக்கலாம். நீர் அருந்துவதை விரதம் தடுக்காவிட்டால், நாள் முழுவதும் பரவலாக இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடிப்பதும், ஒரு சிட்டிகை உப்பிட்ட எலுமிச்சை நீரோ நீர்மோரோ சேர்த்துக்கொள்வதும் நல்லது. இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த அளவுகள் பொருந்தா. நீரும் அருந்தாமல் நிர்ஜலமாக இருக்கும் பழக்கத்தைச் சித்திரை வெயிலில் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

பசியோ நேரம் பார்த்து வரும். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் நாம் வழக்கமாக உண்ணும் வேளைகளில் உயர்ந்து, உண்ணாவிட்டாலும் சிறிது நேரத்தில் தானே தணிகிறது. ஆகவே பகல் ஒரு மணிப் பசியை அரைமணி நேரம் பாராயணத்திலோ கைவேலையிலோ கடத்திவிட்டால், மூன்று மணிக்கு அது பெரிதாகத் தெரியாது. சிலருக்கு நார்அட்ரினலின் என்னும் ஹார்மோனின் சுரப்பு கூடுவதால் மனம் தெளிவாகவும் விழிப்பாகவும் இருக்கும். வேறு சிலருக்குச் சின்னச் சொல்லும் சுருக்கென்று தைக்கும். பணம், உறவு சார்ந்த முடிவுகளை அன்று ஒத்திப்போடுவது நலம். இரவு முழுவதும் கண்விழித்தவர் மறுநாள் வண்டி ஓட்டவே கூடாது, ஏனெனில் பட்டினியைவிடத் தூக்கமின்மைதான் கவனத்தை அதிகம் குலைக்கிறது.

சோறு மட்டும் வேண்டாம் என்று ரவை உப்புமாவும் அடையும் வயிறார உண்ணும் ‘பலகார’ விரதத்தைக் குறைசொல்வதற்கில்லை, ஆனால் மேலே சொன்ன மாற்றங்கள் எதையும் அதில் எதிர்பார்க்க முடியாது.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சில் குழப்பம் ஆகியவை தோன்றினாலோ, இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனாலோ, விரதத்தை அப்போதே முடித்துக்கொண்டு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கவும். 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பார்க்கவும். நினைவு தடுமாறுபவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பாரணையில் துளசி தீர்த்தத்திற்குப் பின் நெல்லிக்காய்ப் பச்சடி, அகத்திக்கீரை, சுண்டைக்காய் என்று தொடங்கும் மரபை நான் மாற்றச் சொல்லமாட்டேன். அவற்றோடு குழைந்த சோறும் காரமில்லாத ரசமும் கொஞ்சமாகப் போதும். பூரி, வடை, பாயசம் ஆகியவற்றை மதியத்திற்குத் தள்ளிவைக்கவும். கொழுப்பை எரித்துப் பழகியிருக்கும் உடலில் திடீரென்று வரும் இனிப்பு சர்க்கரையை வேகமாக ஏற்றும். கந்த சஷ்டிபோல் ஆறு நாள்கள் ஏறக்குறைய எதுவும் உண்ணாமல் இருந்தவர்கள் இன்னும் மெதுவாக, இரண்டு மூன்று நாள்களில்தான் வழக்கமான அளவுக்குத் திரும்ப வேண்டும்; நீண்ட பட்டினிக்குப் பின் ஒரேயடியாக உண்டால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் அளவுகள் சரிந்து இதயத் துடிப்பே பாதிக்கப்படலாம்.