'நான் பார்த்துக்கறேன் சார்': வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரூப் 4 தேறி எங்கள் பிரிவுக்கு ஒரு தம்பி வந்திருக்கிறார். திருமங்கலத்துப் பிள்ளை. சேர்ந்து மூன்று வாரம்தான், ராத்திரி ஏழரைக்கும் சீட்டை விட்டு எழுவதில்லை. அவர் மேசையில் இரண்டு பேருடைய கோப்புக் கட்டுகளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. 14 வருடத்துக்கு முன்னால் என் மேசையும் அப்படித்தான் இருந்தது. நேரத்துக்குச் சாப்பிடு, டீயைக் குறை என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

கூடுதல் பொறுப்பை வாய்ப்பேச்சில் வாங்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். பக்கத்து சீட்காரர் மாறுதலில் போனார். "ஒரு வாரம்தான், நீங்க பாத்துக்கங்க" என்றார் கண்காணிப்பாளர். சரி சார் என்றேன். ஆணை கேட்கவில்லை, கோப்புகளை எண்ணியும் வாங்கவில்லை. ஒரு வாரம் ஏழு மாதமாக நீண்டது. அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு உள்ளூர் விடுமுறை. நான் மட்டும் ஆபீஸில் உட்கார்ந்து இரண்டு சீட்டுக்குமான தன்பதிவேடுகளை (வரும் தாள்களையும் அவற்றின் நிலையையும் குறித்து வைக்கும் பதிவேடு) எழுதிக்கொண்டிருந்தேன். தண்ணீர் பீய்ச்சுகிற தோல்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வேஷக்காரர்கள் ஜன்னலுக்குக் கீழே வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

அவர் விட்டுப்போன கோப்புக் கட்டுக்குள் ஓர் ஓய்வூதியக் கோப்பு, என் கைக்கு வரும் முன்பே நான்கு மாதம் தூங்கியிருந்தது. தாமதத்துக்கு விளக்கம் கேட்டு 17(அ) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கை நோட்டீஸ், என் பெயருக்கு வந்தது. கோப்பு என்னிடம் வந்த தேதியைக் காட்ட ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. ஊதிய உயர்வு ஆறு மாதம் நின்றது. அந்த மாதம்தான் முதல்முறையாக பிபி பார்த்தேன். 160/100. அப்போது எனக்கு வயது 34.

லண்டன் அரசு ஊழியர்கள் 10,000 பேருக்கு மேல் 1985 முதல் பின்தொடர்ந்து வரும் வைட்ஹால் ஆய்வைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். மைக்கேல் மார்மட் குழுவினருடையது. தன் வேலையை எப்படிச் செய்வது என்று தானே தீர்மானிக்கும் பிடி குறைவாக இருந்தவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வந்திருக்கிறது. என் ஏழு மாதமும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேலை இரண்டு மடங்கு. எதை முதலில் முடிப்பது என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. பழி மட்டும் முழுசாக என்னுடையது.

வேலையை மறுக்கச் சொல்லவில்லை. அலுவலக ஆணை கேளுங்கள். கிடைக்காவிட்டால் அன்றைக்கே ஒரு குறிப்பு எழுதுங்கள்: நடப்புக் கோப்பு இத்தனை, 30 நாளுக்கு மேல் நிலுவை இத்தனை, இந்தத் தேதியில் என்னிடம் வந்தது. அதில் கண்காணிப்பாளரின் சுருக்கொப்பம் வாங்குங்கள். பத்து நிமிஷ வேலை. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும், கேட்டுவிடுங்கள்.

தனியாரிலும் இதே கதைதான். வேலையை விட்டுப் போனவரின் கிளையண்டுகளை என் தங்கை மகள் தலையில் கட்டிவிட்டார்கள். "மாமா, இங்க ஆணையெல்லாம் ஏது?" என்றாள். மெயில் இருக்கிறதே! 'இதை இன்றைக்கு எடுத்துக்கொள்கிறேன், கையில் இருக்கும் மூன்றில் எதைத் தள்ளி வைக்கட்டும்?' என்று ஒரு வரி போடச் சொன்னேன். இரண்டாம் நாள் ஒன்றை வேறொருவருக்கு மாற்றினார்கள்.

தற்செயல் விடுப்பைச் சேர்த்து வைப்பது

வருடத்துக்கு 12 நாள். டிசம்பரோடு போய்விடும். எடுங்கள்.

ராத்திரியும் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்துக்கொண்டிருப்பது

நிஜமான அவசரம் என்றால் போன் அடிப்பார்கள்.

தூக்கம் போனதை மறைப்பது

விடிய விடிய முழித்துக் கிடந்துவிட்டு, விடுப்புக் கடிதத்தில் வயிற்றுவலி என்று எழுதியிருக்கிறேன். இப்போது 14416 இருக்கிறது. டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நேரில் போகிறவர்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. நான் அங்கே போகவே குறிப்பாணை வரவேண்டியிருந்தது. "எப்பயிருந்து தூக்கம் இல்ல?" என்று கேட்டார் டாக்டர். அந்த சீட் என்னிடம் வந்த தேதியைச் சொன்னேன்.